ஐந்து நாள் கொடுக்காத மாத்திரை

“ஃபார்ம் ஃபைவ் பாஸ் பண்ணிட்டா டாக்டராயிட முடியுமா லா?” என்று பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை கேட்டார். அம்மாவுக்கு நான் மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஃபார்ம் ஃபைவோடு என் பள்ளிப் படிப்பு முடிந்திருந்தது. எங்கள் குடும்பத்தில் மருந்து உறையைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அம்மாவின் முடக்குவாதம் எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. காலையில் விரல் மடங்காது. ரவிக்கைக் கொக்கியை நான்தான் மாட்டிவிடுவேன். கூடவே இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு. மூட்டுக்கு ஒரு நாள், இனிப்பு நீருக்கு ஒரு நாள் என்று பாகான் டாலாமிலிருந்து ஃபெர்ரி ஏறி அக்கரையிலிருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம். இரண்டுக்கும் தனித்தனி கார்டு. ஒரு டாக்டரிடம் இன்னொரு டாக்டரின் கார்டை நீட்டினால் மரியாதைக் குறைவு என்று அம்மா அதைப் பையின் அடியில் ஒளித்துவிடுவாள்.

“இனிப்பு ஏறிக்கிட்டே போகுது. சோத்தக் குறைக்கவே இல்லையாம்மா?” என்று ஒரு நாள் இனிப்பு நீர் டாக்டர் கடிந்துகொண்டார். அம்மா ஒரு பிடிக்கு மேல் தின்று மாதக்கணக்காகியிருந்தது. நூலகத்தில் ஒரு மருத்துவப் புத்தகத்தைப் புரட்டினேன். மூட்டுக்குத் தரும் மாத்திரைதான் இனிப்பை ஏற்றுகிறது என்று போட்டிருந்தது. அன்றே அதை நிறுத்தினேன். யாரையும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் சிறுநீர் சோதிக்கும் தாளில் நிறம் இறங்கியிருந்தது; இனிப்பு குறைந்திருந்தது. அதை எடுத்துப்போய்ப் பக்கத்து வீட்டு அக்காவிடம் காட்டினேன்.

ஐந்தாம் நாள் அம்மாவால் எழ முடியவில்லை. வாந்தி. உடம்பெல்லாம் குளிர்ந்த வேர்வை. வேனில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினோம்.

“இத திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. யாரு நிறுத்தினது?” என்றார் மூட்டு டாக்டர்.

நான் கட்டிலுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

“நாந்தான் டாக்டர். மறந்துட்டேன்,” என்றாள் அம்மா.

அவர் ஃபைலை மூடினார். “வாரத்துக்கு ஒரே நாள் சாப்பிடற புது மருந்து குடுக்கலாம்னு இருந்தேன். தப்பித் தவறி தினம் சாப்பிட்டா விஷம். மறக்கறவங்களுக்கு எப்படிம்மா குடுக்கறது?” அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

எங்களுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு மருந்துதான்.

“விடு லா. நாலு பேரு முன்னால நீ ஏன் தலை குனியணும்?” அம்மா என் மணிக்கட்டைப் பிடிக்கப் பார்த்தாள். விரல்கள் மூடவில்லை.

பையின் அடியிலிருந்து இனிப்பு நீர்க் கார்டையும் எடுத்தேன். வார்டு வாசலில் டாக்டரை மறித்து இரண்டையும் சேர்த்து நீட்டினேன்.

“டாக்டர், அம்மா எதையும் மறக்கல. நிறுத்தினது நான்.”