மூன்று முறை இழுத்தேன்

நம்பாதவர்கள் திண்டுக்கல்லுக்கு வந்து என் வலது கையைப் பார்த்துவிட்டுப் போகலாம். சுண்டு விரல் இருக்காது. பாக்கி நாலையும் சரியாக மடக்க முடியாது. கேபிள் போடுகிறவனுக்குக் கைதான் சோறு. அதை வைத்துக் கதை விட எனக்கு ஆசை இல்லை.

போன ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாணார்பட்டி ரோட்டில் ஒரு பஞ்சு மில். லீவு நாள், வாட்ச்மேன் மட்டும்தான். ஆபீஸ் கம்ப்யூட்டரில் நெட் நகரவே இல்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். நானும் என் கூட்டாளி ரொனால்டும் போனோம்.

இணைப்பின் வேகத்தைத் திறந்து பார்த்தேன். பத்து எம்பிபிஎஸ். ஆயிரம் காட்ட வேண்டிய இடம். வயருக்குள் எட்டு இழை இருக்கும். அதில் ஏதாவது பழுதானால் வேகம் இப்படி விழும். மறுமுனை எழுபது மீட்டர் தள்ளி, பஞ்சு கோடவுனில் இருந்தது. ரொனால்டு வாட்ச்மேனிடம் சாவி வாங்கப் போனான்.

கோடவுனில் ஏழெட்டு வயர் தொங்கும். நம் வயர் எது என்று தெரிய எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இங்கிருந்து மூன்று முறை இழுப்போம். அங்கே இருப்பவன் ஆடுகிற வயரைப் பிடித்து மூன்று முறை இழுப்பான். பிடித்துவிட்டேன் என்று அர்த்தம்.

சாயங்காலம் 4.10. சுவர் ஓட்டையிலிருந்து வந்த வயரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு இழுத்தேன். அப்படிச் சுற்றக் கூடாது. ஆனாலும் எல்லோரும் சுற்றுவோம்.

டக்... டக்... டக்.

உடனே பதில் வந்தது. சோம்பேறிப் பயல் இன்றைக்கு ஓடியே போயிருக்கிறான் என்று சிரித்துக்கொண்டேன்.

4.12. திரையில் நூறு.

பழுதைச் சரிசெய்ய வயர் முனையை வெட்டி மாற்ற ஐந்து நிமிடமாவது ஆகும். வெட்டினால் இணைப்பு அறுந்து மறுபடி வர வேண்டும். அறுபடவே இல்லை. வேகம் மட்டும் ஏறியது.

4.14. ஆயிரம்.

போன் அடித்தது. இடது கையால் எடுத்தேன்.

"ஏலே, செத்த நேரம் பொறு. வாட்ச்மேன் சாவியத் தேடிக்கிட்டு இருக்காரு. கேட்டுலதான் நிக்கிறேன்."

"அப்ப கோடவுனுக்குள்ள யாரு?"

"யாரும் இல்ல. பூட்டிக் கெடக்கு."

டக்.

கையை உருவப் பார்த்தேன். வயர் இறுகிவிட்டது.

டக்...

நாற்காலியோடு தூக்கிச் சுவரில் அடித்தது. முன்பல் உடைந்தது. வாயெல்லாம் ரத்தம். கம்ப்யூட்டரிலிருந்து வயர் பிய்ந்து வந்துவிட்டது.

திரையில் இன்னும் ஆயிரம்.

மறுபடி அடித்தது. நெற்றி பிளந்தது.

ஓட்டை ஒரு ரூபாய்க் காசு அகலம்தான். அதற்குள் என் கையை இழுத்தது.

எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது...

கத்தினேன்.

4.19. ரொனால்டு ஓடி வந்து கட்டரால் வயரை வெட்டினான். வெட்டுப்பட்ட வயர் ஓட்டைக்குள் போய் மறைந்தது. என் விரலையும் கொண்டுபோய்விட்டது.

அன்றைக்கே கோடவுனைத் திறந்து தேடினார்களாம். விரல் கிடைக்கவில்லை. அங்கே நெட்டைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்விட்ச் பெட்டிக்குக் கரண்டே வரவில்லையாம்.

மூன்றாம் நாள் வாட்ச்மேன் முத்துச்சாமி ஆஸ்பத்திரிக்கு வந்தார். என் கைக்கட்டைப் பார்த்தபடி பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அப்பு, நாலு வருசத்துக்கு முன்ன இதே வயரப் போட வந்த ஆளு ஒருத்தரு செத்துப் போனாரு. கோடவுன் மிசின்ல கை மாட்டிருச்சு. கத்துனது மிசின் சத்தத்துல யாருக்கும் கேக்கல. இன்னொரு கையில இருந்த வயர இழுத்து இழுத்துக் கூப்பிட்டிருக்காரு."

"ஆபீஸ்ல ஆளு இல்லையா?"

"இருந்தாரு. வயரு இதுதான்னு சொல்றாப்லன்னு நெனச்சு, இவரும் மூணு தடவ இழுத்துருக்காரு. அப்புறம் கம்ப்யூட்டர்ல வேகத்தப் பாத்துக்கிட்டு இருந்துட்டாரு. முக்கா மணி நேரம் வயரு ஆடிக்கிட்டே இருந்துச்சாம்."