ஈவன் ரீஸின் தகப்பன்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் வீட்டு ஆங்கிலம் முழுவதும் என் பொறுப்பில் இருந்தது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அந்த மொழி தெரியாமலில்லை, வேலையிடத்தில் சமாளித்தார்கள். ஆனால் வங்கியிலிருந்து கடிதம் வந்தாலும், மின்சாரக் கம்பனிக்காரன் தொலைபேசி எடுத்தாலும், பள்ளியில் ஆசிரியையைச் சந்திக்கப் போனாலும் என்னைத்தான் முன்னால் தள்ளிவிடுவார்கள். ஆசிரியை என்னைப் பற்றிச் சொல்லும் குறைகளையும் நானே மொழிபெயர்த்தேன். அந்த ஆண்டுகளில் எங்கள் ஊரான குவேக்கர்ஸ் ஹில்லிலேயே குறை இல்லாத ஒரே பிள்ளை நான்தான்.

அந்தக் காலத்தில்தான் மாமா எங்களோடு வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி. படகில் வந்து, வில்லாவுட் தடுப்பு முகாமில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு, தற்காலிக விசாவில் வெளியே விடப்பட்டவர். அந்த விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை. அகதிக் கேஸ் முடியும்வரை காத்திருப்பதுதான் அவருடைய உத்தியோகம். சும்மா இருக்கத் தெரியாத மனிதர். புல் வெட்டினார், குசினியைக் கழுவினார், என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்தார். என் ஆங்கிலத்தைக் கேட்டு 'துரைசாணி' என்று பட்டம் வைத்தவரும் அவர்தான்.

அம்மாவுக்கு ஒரேயொரு சட்டம் இருந்தது. மாமாவின் கேஸ் கதை வீட்டுப் படியைத் தாண்டக் கூடாது. அக்கம்பக்கத்தாரிடம் ஒன்றும் கேட்கவும் கூடாது. ஒருநாள் பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அன்ரியிடம் நான் இரண்டு தேசிக்காய் கேட்டு வாங்கிவந்ததற்கு அம்மா எனக்கு நடத்திய விசாரணை, மாமாவுக்கு நடந்ததைவிடக் கடுமையானது.

"வேலியிலை போற ஓணானைப் பிடிச்சு ஏன் மடியிலை கட்டுறாய்? இண்டைக்குத் தேசிக்காய் தருவினம், நாளைக்குக் கதை கேப்பினம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை."

ஓணான் என்று சொல்லப்பட்ட அந்த அன்ரி எழுபது வயதைத் தாண்டியவர். தனியாக இருந்தார். அவருடைய எலுமிச்சை மரத்திலிருந்து மதில் தாண்டி எங்கள் பக்கம் விழுந்த தேசிக்காய்களை மாமா பொறுக்கி, ஒரு வாளியில் போட்டுக்கொண்டுபோய் அவர் வாசலில் வைத்தார். கேட்டு வாங்கினால்தானே குற்றம், திருப்பிக் கொடுப்பதில் என்ன என்பது அவருடைய நியாயம். மொழிபெயர்க்க நானும் போனேன். அன்ரி எங்களை உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தார்.

அவருடைய சாப்பாட்டு மேசையில் சாப்பிட இடமில்லை. அதன்மேல் முழுக்கக் காகிதம். அன்ரியின் பாட்டனுக்குப் பாட்டன் ஈவன் ரீஸ் என்பவர் வேல்ஸ் தேசத்திலிருந்து கப்பலேறி, இந்த நாட்டு நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலைக்கு வந்தவராம். அவர்வரைக்கும் அன்ரி போய்விட்டார். அதற்கு மேலே ஒரு அடி நகர முடியவில்லை. ஈவன் ரீஸின் மரணப் பதிவில் தாய் பெயர் குவென் என்று இருந்தது, தகப்பன் பெயர் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அவர் பிறந்த ஊர்த் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடான இடாப்பைப் பிரதி எடுத்து வரவழைத்து, அதிலிருந்த ரீஸ் குடும்பங்களையெல்லாம் சலித்துப் பார்த்துவிட்டார். ஒரு ரீஸுக்கும் ஈவன் என்றொரு பிள்ளை பிறக்கவில்லை.

மாமா ஊரில் கிராம அலுவலரான விதானையாரின் கந்தோரில் இடாப்பு எழுதியவர். ஆங்கிலம் பேச வராதே தவிர, எழுத்துக்கூட்டிப் பெயர் வாசிப்பார். கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அன்ரி வேண்டாமென்று தள்ளிவைத்திருந்த பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டத் தொடங்கினார். நான் இரண்டு துண்டு கேக் சாப்பிட்டு முடித்தேன். அவர் ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, இவையும் எங்களை மாதிரித்தான் போல. ரீஸ் எண்டது குடும்பப் பேரில்லை. தகப்பன்ரை பேர். உங்களுக்கும் அப்பான்ரை பேர்தானே பின்னாலை வருது? ரீஸ் எண்டு ஒரு ஆளைத் தேடச் சொல்லுங்கோ. இந்தா, இதிலை நிக்கிறார்."

அந்த வரியில் இருந்தது: ஈவன், தகப்பன் ரீஸ் மோர்கன், தாய் குவென்.

நான் மொழிபெயர்த்தேன். அன்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பழைய காலத்தில் அப்படியொரு வழக்கம் இருந்ததாக அவரும் கேள்விப்பட்டிருக்கிறார். ஆனால் தாங்கள் ஆதிகாலம் தொட்டே ரீஸ்கள் என்று அவருடைய தகப்பனார் சாகும்வரை சாதித்தாராம். தகப்பன் சொல்லைத் தட்டாமல் நான்கு வருடம் பிழையான வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறேன் என்று சொல்லிச் சிரித்தார், பிறகு அழுதார். என் வகுப்பில் அப்பாவின் கடைசிப் பெயரும் என் கடைசிப் பெயரும் பொருந்தவில்லை என்று பிள்ளைகள் என்னைக் கேலி செய்வார்கள். அன்றைக்கு அந்தப் பொருந்தாத பெயரால் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அதன்பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் பள்ளி விட்டதும் நேரே அன்ரி வீட்டுக்குத்தான் போவோம். ரீஸ் மோர்கனின் தகப்பன் மோர்கன் யார், அந்த மோர்கனின் தகப்பன் யார் என்று மாமா ஏணிப்படியில் ஏறுவதுபோல மேலே போய்க்கொண்டிருந்தார். அவருடைய சொந்த வாழ்க்கை நின்ற இடத்திலேயே நின்றது. வேலை முடிந்து அம்மா வீட்டுக்கு வருமுன் நாங்கள் திரும்பிவிடுவோம்.

ஒரு வியாழக்கிழமை மாமா நீளக்கை நீலச் சட்டையை மடிப்பு விழ மினுக்கிப் போட்டுக்கொண்டு பள்ளி வாசலில் நின்றார். விசாரணைக்கு மட்டும் போடுகிற சட்டை. "என்ன மாமா, மாப்பிள்ளை கோலம்?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு நடந்தார். அன்ரி வீட்டில் அன்று காகிதத்தைத் தொடவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பாடமாக்கி வைத்திருந்ததைப்போல என்னிடம் சொன்னார்.

"அன்ரியிட்டைக் கேளுங்கோ பிள்ளை. என்ரை கேசுக்கு ஒரு கடிதம் வேணும். என்னைத் தெரியும், ஒழுங்கான ஆள் எண்டு ரெண்டு வரி எழுதித் தருவாவோ எண்டு. லோயர்தான் கேக்கச் சொன்னவர். ஏலாதெண்டாப் பரவாயில்லை எண்டும் சொல்லுங்கோ."

கேஸ் கதை, பக்கத்து வீடு, கேட்பது. அம்மாவின் சட்டத்தில் இருந்த அத்தனையையும் மாமா ஒரே மூச்சில் மீறுகிறார். அவருக்காகக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. இரண்டு தேசிக்காய்க்கே அத்தனை ஏச்சு என்றால் கடிதத்துக்கு என்ன ஆகும்? நான் அன்ரியின் பக்கம் திரும்பி, உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று மாமா விசாரிக்கிறார் என்றேன்.

அன்ரி உருகிப்போனார். அந்த முழங்காலைப் பற்றி யாரும் அவரைக் கேட்டதில்லையாம். சத்திரசிகிச்சைக்குப் பெயர் கொடுத்ததையும், டாக்டர் தள்ளிப்போட்டதையும், மழைநாளில் படும் பாட்டையும் பத்து நிமிடம் சொன்னார். தலையை அசைத்தார், பெருமூச்சு விட்டார், இடையில் ஒருமுறை மாமாவின் கையைப் பிடித்து அழுத்தினார். மாமா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொரு சொல்லுக்கும் பணிவாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாக இருந்தது.

வெளியே வந்ததும் மெதுவாகக் கேட்டார். "என்ன சொன்னவ?"

"யோசிச்சுச் சொல்லுறாவாம்."

"ஓம், ஓம். யோசிக்கத்தானே வேணும்," என்றார் மாமா.

அம்மாவின் சட்டத்தையும் காப்பாற்றி, மாமாவின் மனமும் நோகாமல் பார்த்துக்கொண்டேன் என்று நினைத்தேன். ஆசிரியை சொன்ன குறைகளை விழுங்கிப் பழகிய வாய்க்கு அது பெரிய வேலையாகவே தெரியவில்லை. அடுத்த வியாழக்கிழமை எனக்கு அது மறந்துபோயிருந்தது.

மாமா இரண்டாம் முறை கேட்கவில்லை. வழக்கம்போல வந்தார், பெயர்களைத் தேடினார். ஆனால் புறப்படும்போது மட்டும் ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. அன்ரி வாசல்வரை வந்து நிற்பார். மாமா குனிந்து, செருப்பைத் திருப்பி வைத்து, வாரைச் சரிபார்த்து, ஒரு காலை மாட்டி, நிமிர்ந்து அன்ரியைப் பார்த்துப் புன்னகைத்து, பிறகு மற்றக் காலை மாட்டுவார். கார்ட்டூன் தொடங்கிவிடுமே என்ற அவதியில் நான் அவர் கையைப் பிடித்து இழுப்பேன். "கெதியா வாங்கோ மாமா, செருப்புப் போட இவ்வளவு நேரமோ?"

சில மாதங்களில் கேஸ் தோற்றது. மேன்முறையீடும் தோற்றது. மறுபடியும் முகாமுக்குள்ளே போக ஏலாது என்று சொல்லி, தானாகத் திரும்பிப் போவதற்கான தாளில் கையெழுத்து வைத்தார். போகுமுன் அன்ரியிடம் சொல்லிக்கொள்ளப் போனோம். அன்ரி அவரைக் கட்டிப்பிடித்து அழுதார். அன்று மட்டும் மாமா செருப்பைச் சட்டென்று மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். ஊரில் அவரை மாதக்கணக்காக விசாரணைக்கு அழைத்து அலைக்கழித்தார்கள். இப்போது கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூடத்துக் காவலாளி.

அந்தக் கடிதம் இருந்திருந்தால் கேஸ் வென்றிருக்குமா என்று எனக்குத் தெரியாது. வென்றிருக்காது என்று சொல்லி என்னைத் தேற்றுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் தெரியாது.

சென்ற மாதம் அன்ரியை வயோதிபர் இல்லத்தில் போய்ப் பார்த்தேன். குடும்ப வரலாற்றைச் சிறு புத்தகமாக அச்சடித்து எனக்கொரு பிரதி வைத்திருந்தார். முதல் பக்கத்தில் மாமாவுக்கு நன்றி, அவருடைய தகப்பன் பெயரோடு, எழுத்துப் பிழையில்லாமல். அன்ரி, எத்தனையோ பேருக்கு நான் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், உன் மாமா மட்டும் என்னிடம் ஒன்றுமே கேட்டதில்லை, என்ன மானஸ்தன் என்றார். சொல்லிவிடவேண்டும் என்று வாயைத் திறந்தேன். உங்கள் முழங்கால் இப்போது எப்படி என்று கேட்டேன்.

அந்தப் பக்கத்தைப் படமெடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். உடனே அழைத்தார். குரலில் சந்தோசம்.

"நல்ல மனிசி பிள்ளை. அந்தக் கடிதம் தராததுக்கு நான் ஒருநாளும் அவவிலை கோவிக்கேல்லை. அவவுக்கு என்ன கரைச்சலோ. நான்தான் கேட்டிருக்கக் கூடாது."

நான் "ஓம் மாமா" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது.

யோசித்துச் சொல்கிறேன் என்ற ஒருவருக்குச் சொல்ல நேரம் கொடுக்க வேண்டும் என்றுதான் மாமா அந்த வாசலில் ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவ்வளவு மெதுவாகச் செருப்பு மாட்டினார். எனக்கு அது தெரியாது. நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன்.