கறுப்பு மணி கட்டாத தட்டு

என் வேலையை மாமியாருக்குப் புரியவைக்க ஆசைப்பட்டேன் பாருங்கள், அந்தப் புத்தியை எதைக் கொண்டு அடிப்பது?

நான் கொல்லிமலையில் பூஞ்சை ஆராய்ச்சி செய்பவள். கணவர் அடிவாரத்தில் தோட்டம் பார்த்தார். வாரக் கடைசியில் பஸ் ஏறி வருவார். கல்யாணமாகி வருடங்கள் ஓடியும் குழந்தை இல்லை. டாக்டர் இரண்டு பேரையும் சோதிக்கச் சொன்னார். நான் எல்லாச் சோதனையும் எடுத்தேன். குறை ஒன்றும் இல்லை என்றார். கணவரோ வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்ட வேண்டும் என்று சொல்லியே நாளைக் கடத்தினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியாரும் கூடவே வந்தார். என்னை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று முடிவுசெய்யத்தான் வந்திருக்கிறார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

ஆய்வுக்கூடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். அழைத்துப் போனேன். ராகியில் குலைநோய் உண்டாக்கும் பூஞ்சையில் இரண்டு வகை உண்டு. இரண்டும் ஒரே தட்டில் வளர்ந்து தொட்டுக்கொள்ளும் இடத்தில் பொடிப்பொடியாகக் கறுப்பு மணிகள் கட்டும். அதற்குள்தான் வித்து. செல்லுக்குள் சரக்கைச் சின்னப் பைகளில் அடைத்து உரிய இடத்தில் சேர்க்கும் புரதங்கள் இருக்கின்றன. அதில் ஒன்றை நீக்கிவிட்டால் பூஞ்சை தளதளவென்றுதான் வளரும்; மணி மட்டும் கட்டாது. அப்படி ஒரு தட்டைக் காட்டி இதையெல்லாம் சொன்னேன்.

மாமியார் குனிந்து பார்த்தார். எதில் குறை என்று எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று கேட்டார். இவ்வளவு நல்ல கேள்வியை எங்கள் அதிகாரிகூடக் கேட்டதில்லை. இரண்டையும் பிரித்து, ஒவ்வொன்றையும் ஏற்கெனவே மணி கட்டிய வேறொன்றோடு சேர்த்துவைப்போம் என்றேன், பெருமையாக.

வீட்டுக்கு வந்து பலாப்பழம் அறுத்து வைத்தேன். நாலு சுளை தின்றுவிட்டு மாமியார் வாயைத் திறந்தார்.

"கண்ணு, நீ சொன்னதுதான் ஞாயம். எம்பையனை வேறொருத்தியோட சேத்தி வெச்சுப் பாத்தாத்தான தெரியும்?"

கணவர் விரலில் ஒட்டிய பிசினை எண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவேயில்லை. அந்த ஆளை அந்த நிமிடமே வெறுத்தேன்.

"செய்யுங்க அத்தை. ஆனா ரெண்டையும் பாக்கோணுமுங்க. எனக்கும் ஒரு ஆளைப் பாத்துக் குடுங்க, ஏற்கெனவே புள்ளையிருக்கற ஆளா."

மத்தியான பஸ்ஸுக்கே இருவரும் கிளம்பிவிட்டார்கள். நான் கட்டி வைத்திருந்த மிளகு மூட்டையை மட்டும் மாமியார் மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

விவாகரத்து ஆயிற்று. அவருக்கு வேறு கல்யாணமும் செய்துவைத்தார்கள். போன மாதம் அவர் ஊரிலிருந்து வந்த ஒருவர் சொன்னார்: அங்கேயும் இன்னும் குழந்தை இல்லையாம். அந்தப் பெண்ணைத்தான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கூட்டிப் போகிறார்களாம். அவள் பாவம். இருந்தும் வாய்விட்டுச் சிரித்தேன்.