சுமதிக்குக் கேட்ட சத்தம்

இன்று பின்னேரம் மின்விசிறி வாங்க நானும் மனைவி சுமதியும் டவுனில் ஒரு கடைக்குப் போனோம். அங்கே டிவியில் இலங்கை மேட்ச். எங்கள் கடைசி ஜோடி ஆடுகிறது. வெல்ல நான்கு ஓட்டம் வேண்டும்.

பந்து எங்கள் ஆட்டக்காரரின் காலில் பட, நடுவர் அவுட் என்று விரலை உயர்த்திவிட்டார். கடையில் நின்ற எல்லோரும் தலையில் கை வைத்தார்கள்.

"அவுட் இல்லை. முதல்ல மட்டையில பட்டது. சத்தம் கேட்டது" என்றாள் சுமதி.

"அக்கா, நீங்கள் ஃபேனைப் பாருங்கோ" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் சிரித்தேன்.

ரிவியூவில் திரும்பப் போட்டுப் பார்த்தால், முதலில் பட்டது மட்டைதான்! அடுத்த பந்தே பவுண்டரி. வென்றுவிட்டோம்.

கடைக்கார நானா கதிரை கொண்டுவந்து போட்டார். "இருங்கோ தங்கச்சி. இதெல்லாம் எப்பிடித் தெரியும்?"

"வீட்டில துணி தைக்கேக்க ரேடியோவில கொமென்ட்ரி கேக்கிறனான் நானா. பார்க்க நேரமில்லை, காதாலதான் எல்லாம்."

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம், "இவ என்ட மனிசி" என்று நானாகவே சொன்னேன். அந்த மனிதர் என்னிடம் ஒன்றுமே கேட்டிருக்கவில்லை.

அடுத்த மேட்ச் எங்கள் வீட்டில். அவள் சொன்னால் எதிர்த்துக் கதைக்காதவர்கள் மட்டும் வரலாம். யார் யார் வாறீங்கள்?