பச்சைப் புள்ளி மாகறலுக்குப் போனது

சனிக்கிழமை காலை ஏழு நாற்பதுக்குப் பச்சைப் புள்ளி தெருவை விட்டு வெளியே வந்தது. அடுப்பில் தோசை வெந்துகொண்டிருந்தது. கைபேசியை உப்பு ஜாடிமேல் சாய்த்து வைத்து, ஒரு கண்ணால் அதைப் பார்த்தபடியே சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். சிவப்பு, நீலம், மஞ்சள் மூன்றும் இருந்த இடத்திலேயே இருந்தன. பச்சை மட்டும் பெரிய சாலைக்கு ஏறித் தெற்கே திரும்பியது. என் மகள் பச்சைக் குழுவில் இருந்தாள்.

அவள் ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். அதற்கு முந்தைய வருஷம் சமூக அறிவியல் இருக்கிற நாளெல்லாம் அவளுக்கு வயிறு வலிக்கும். அந்த வருஷம் புதிதாக ஒரு மிஸ் வந்தார். பாடம் முடிந்ததும் திரையில் கேள்வி வரும். பிள்ளைகள் ஆளுக்கொரு குறியீடு அச்சிட்ட அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். மிஸ் கைபேசியால் வகுப்பை ஒரு வீச்சு படம்பிடித்தால் யார் சரி, யார் தப்பு என்று திரையிலேயே தெரிந்துவிடும். வயிற்று வலி நின்றது. ராத்திரிச் சாப்பாட்டில் எங்களுக்கும் கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

அப்புறம் அந்த வரைபடம் வந்தது. பிள்ளைகள் குழுவாகத் தெருவுக்குப் போய்ச் சத்தங்களைப் பதிவுசெய்ய வேண்டும். அங்கே இருப்பவர்களிடம் கேள்வி கேட்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் ஊர் வரைபடத்தில் ஏற்ற வேண்டும். திரையில் ஒரு தெருவைத் தொட்டால் அந்தத் தெருவின் சத்தம் கேட்கும். குழுவுக்கு ஒரு டேப்லெட், பள்ளிக்கூடத்துடையது. அது எங்கே இருக்கிறது என்று, அந்தக் குழுவின் நிறத்தில் ஒரு புள்ளியாக, பெற்றோரும் பார்த்துக்கொள்ள ஒரு இணைப்பு அனுப்பியிருந்தார்கள். பெற்றோர் கூட்டத்தில் நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அந்த மிஸ் பொறுமையாகப் பதில் சொன்னார். கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் பிழை திருத்துகிறவன் நான். எங்கே என்ன தப்பு இருக்கும் என்று தேடுவதே பழக்கமாகிவிட்டது. "எங்கப்பாவுக்குப் பயப்படறதுதான் பார்ட் டைம் வேலை" என்று மகள் தன் தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அன்றைக்கு அவர்கள் போனது, தறிக்கான பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிப் பாவு போடுகிற தெருவுக்கு. விடிந்து வெயில் ஏறுவதற்குள் முடிகிற வேலை அது. அதனால் ஆறு மணிக்கே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.

பச்சைப் புள்ளி நடக்கிற வேகத்தில் போகவில்லை. பேருந்து நிலையத்தைத் தாண்டிவிட்டது. மிஸ்ஸை அழைத்தேன், அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது. திரும்ப அழைத்தேன், அதே குரல். என் மனைவி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் முதல் ஷிப்டில் இருந்தாள். உள்ளே போகும்போதே கைபேசியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அதே குழுவில் இருக்கும் பையனின் அம்மாவை அழைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"பாத்தீங்களா சார்? புள்ளி போய்க்கினே இருக்குது சார்! ஒருத்தரும் போன் எடுக்க மாட்டேன்றாங்க. அந்த மிஸ் வந்ததுல இருந்தே பாடத்தவிட வெளையாட்டுதான் ஜாஸ்தி. என்னா சார் பண்றது?"

"நீங்க தெருவுக்குப் போங்கம்மா. நான் புள்ளி பின்னாடி போறேன்."

தோசை கருகும் வாசனை வந்தது. அடுப்பை அணைத்தேனா என்று வண்டியை எடுத்த பிறகு சந்தேகம் வந்தது. திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. பாலாற்றுப் பாலத்தில் ஏறியபோது புள்ளி எனக்கு வெகுதூரம் முன்னால் இருந்தது. நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்பதை எழுத இன்றைக்கும் கை வரவில்லை. முன்னால் போன ஒவ்வொரு காரின் பின் கண்ணாடியையும் பார்த்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன். வேன்களைப் பார்த்தேன். சாலையோரம் கிடந்த ஒரு நீலத் துணியைப் பார்த்து வண்டியை நிறுத்தினேன். அது யாரோ போட்டுவிட்டுப் போன சிமெண்ட் சாக்கு. அவளுடைய சீருடை நீலம்கூட இல்லை.

மாகறலில் புள்ளி நின்றது. நின்ற பிறகு அசையவே இல்லை. ஓடிக்கொண்டிருந்தபோது இருந்த பயத்தைவிட இது பெரிதாக இருந்தது.

கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு ஓட்டு வீட்டின் முன்னால் இருந்தது அந்த இடம். வாசலில் ஒரு டிவிஎஸ் வண்டி நின்றது. அதன் குறுக்கே பிளாஸ்டிக் தாளில் சுற்றிய பாவு உருளை. நான் செருப்போடு உள்ளே போய்விட்டேன். என் வயதுள்ள ஒருவர் தலை துவட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"என் பொண்ணு எங்க?" என்று கத்தினேன்.

"எந்தப் பொண்ணுபா? யார் நீ?"

கைபேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவருக்குப் புரியவில்லை. அவர் மனைவிதான் வாசலுக்குப் போய், வண்டியில் மாட்டியிருந்த மஞ்சள் பையை எடுத்துவந்து தரையில் கவிழ்த்தார். சீப்பு, சாமந்திப் பூ, யாருடையதோ இரண்டு வளையல். அவற்றின்மேல் பச்சை ஒட்டுத்தாள் ஒட்டிய டேப்லெட் விழுந்தது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் விளங்கும். தெருவில் நீட்டியிருக்கும் பாவில் தூறல் விழுந்தால், போகிறவர் வருகிறவர் எல்லோரும் ஓடிப்போய்க் கைகொடுப்பார்கள். நனைந்தால் இழைகள் ஒட்டிக்கொள்ளும், பட்டு போய்விடும். ஆனால் பட்டைத் தொடுவதற்கு முன் வளையல், கடிகாரம், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். எதில் இழை சிக்கும் என்று சொல்ல முடியாது. பாவுக்காரர் பை எங்கே தொங்குகிறதோ, அதில் போட்டுவிட்டுக் கையை நீட்டுவார்கள். அதை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதில்லை. கையில் டேப்லெட் இருந்ததால் என் மகள் டேப்லெட்டைப் போட்டிருக்கிறாள்.

"ஆமா சார், தூறல் வந்ததும் பசங்கெல்லாம் ஓடியாந்து தூக்கிச்சுங்க" என்றார் அவர். "அவங்க இல்லன்னா இன்னிக்கு என் பாவு காலி. சுத்தி எடுத்துக்கினு, பெரிய மழ வர்றதுக்குள்ள கெளம்பிட்டோம். பையில இது இருக்குதுன்னு யாருக்குத் தெரியும்?"

டேப்லெட் அங்கே இருந்தது. அவள் அங்கே இல்லை. அதுவரை அந்தப் புள்ளியாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

"கெளம்பறப்ப பின்னாடி யாரோ கத்தினாங்க" என்றார் அந்த அம்மா மெதுவாக. "பொட்டப் புள்ளக் கொரலு. மழைக்குக் கத்துதுன்னு நெனச்சேன்."

அந்த நேரத்தில் கைபேசி ஒலித்தது. மிஸ். பதிவின் நடுவில் அழைப்பு வரக்கூடாது என்று கைபேசியை அணைத்து வைத்திருந்தாராம், இப்போதுதான் போட்டுப் பார்த்தாராம். அந்தப் பையனின் அம்மா அங்கே வந்து சத்தம் போடுவது பின்னால் கேட்டது. எனக்குக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதை அவர் என்னிடம் கேட்டார்.

"சார், பாப்பா உங்ககூடதான இருக்கா?"

இல்லை என்றேன். "அந்த வண்டி பின்னாடியே ஓடினான்னு பசங்க சொல்றாங்க சார். மழையில எல்லாரும் ஆளுக்கொரு வீட்ல ஒதுங்கிட்டாங்க. வீடு பக்கம்தானே, உங்க வீட்டுக்குப் போயிட்டான்னு நெனச்சேன்..." அவர் அழுதுகொண்டிருந்தார்.

வண்டிச் சாவியை எடுத்தேன். நெசவாளர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருங்க சார். அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணுதானே? அது என்கிட்ட ஒரே கேள்வியா கேட்டுச்சு. பாவுக்கு என்னா கஞ்சி, எத்தினி இழை, உங்க ஊரு எது, வீடு எங்கன்னு எல்லாம். மாகறல், கோயில் பக்கம்னு சொன்னேன். வண்டியப் புடிக்க முடியலன்னா பஸ் ஏறி வரும் சார். பொம்பளைங்களுக்குக் காசு கெடையாதே."

அப்படியும் இருக்கலாம். யாராவது வண்டியை நிறுத்தி, "ஏறிக்கோ பாப்பா, நானும் மாகறல்தான்" என்றும் சொல்லியிருக்கலாம். நான் திரும்பிப் போனால், வழியில் பேருந்து என்னைத் தாண்டிப் போய்விடலாம். நின்றால், போயிருக்க வேண்டிய நேரத்தில் நின்றதாக ஆகிவிடலாம். எது சரியென்று எனக்கு இன்றுவரை தெரியாது. நின்றேன்.

பேருந்து நிறுத்தத்தில் அவர்கள் இருவரும் என்னோடு வந்து நின்றார்கள். அந்த அம்மா ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்தார். அதைக் கையில் பிடித்தபடியே பேருந்து வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீக்கடையில் இருந்த ஒருவர், "என்னா சார், மாமியார் வீட்டுக்கா?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் டீ கிளாஸுக்குள் குனிந்துகொண்டார். ஒரு பேருந்து வந்தது. மூட்டையோடு இரண்டு பெண்கள் இறங்கினார்கள். உள்ளே ஏறி இருக்கை இருக்கையாகப் பார்த்தேன். அவள் இல்லை.

அந்த வகுப்பின் வரைபடம் பிறகு நன்றாக வந்தது. பாவுத் தெருவைத் தொட்டால் முதலில் தூறல் விழும் சத்தமும், "தூக்கு, தூக்கு" என்று பல குரல்களும் கேட்குமாம். என் மனைவி பலமுறை கேட்டிருக்கிறாள். நான் அதைத் தொடுவதில்லை. தொட்டால் அந்த நிறுத்தத்தில் போய் நிற்பேன்.

அடுத்த பேருந்து வளைவில் திரும்பியபோது மழை பலமாகிவிட்டது. கண்ணாடி எல்லாம் ஆவி படர்ந்து ஒன்றும் தெரியவில்லை. பேருந்து நிற்பதற்கு முன்பே நடத்துநர் படியில் தொங்கிக்கொண்டு எங்களைப் பார்த்துக் கத்தினார்.

"யாருப்பா இங்க பாவுக்காரரு? இந்தப் பாப்பா உங்க ஊட்டுக்குத்தான் வருதாம்! வழியெல்லாம் என் உயிர எடுக்குது, மாகறல் வந்துடுச்சா, மாகறல் வந்துடுச்சான்னு!"

அவருக்குப் பின்னால் அவள் இறங்கினாள். தலையிலிருந்து தண்ணீர் வடிந்தது. ஒரு காலில் செருப்பில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலில் நெசவாளரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது, அவ்வளவுதான்.

"நீ ஏம்பா வந்த?" என்றாள். "நானே வாங்கிக்கினு வந்திருப்பேன்ல?"