தன் அறிக்கைக்கே திருத்தம் கேட்டவர்

பணியில் இருப்பவர் அரசுக்கு எழுதும் கடிதம் அவருடைய மேலதிகாரி வழியாகவே போக வேண்டும். ஓய்வு பெற்றவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவர் நேராக எழுதலாம். வட்டாட்சியர் அலுவலகத்தில் இருந்த காலமெல்லாம் பிறர் கோப்புகளில் இந்த விதியை எத்தனையோ முறை எடுத்து எழுதியவன் நான். என் அக்காவின் கடிதத்துக்கு மட்டும் அது என் நினைவுக்கு வரவில்லை. முதலாண்டு நினைவு நாளில் இந்த மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் முதலில் இதை அறிய வேண்டும்.

அக்கா சேவூரில், பட்டு நெசவுக் குடும்பத்தில் பிறந்தார். ஆரணியில் அரசுப் பள்ளியில் படித்துத் தேறி, வனப் பொருளாதாரம் படிக்க வெளியூர் கிளம்பினார். சொந்தத்தில் பல நாள் அதே பேச்சு. பெரிய மாமா நேரில் வந்தே கேட்டார்.

"காட்டுக்குப் போறதுக்கு எதுக்கும்மா காலேஜு? போளூர் பஸ் ஏறினா காடு தானா வருது."

"அந்தக் காட்டு மரத்துக்கு யாரு வெல வைக்கிறாங்கன்னு பஸ்ல சொல்ல மாட்டாங்க மாமா."

மறுநாள் அக்காவின் பெட்டியைச் சுமந்து வந்து பஸ் ஏற்றிவிட்டவர் அதே மாமாதான்.

அந்தக் கேள்வியே அக்காவின் தொழிலாயிற்று. பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகி, வனக் கொள்கையும் மரச் சந்தையும் தம் துறை என்று வாழ்ந்தார். ஏலக் கிடங்குகளில் மரத்தூள் படிந்த புடவையோடு நாள் முழுக்க நின்று விலை குறித்துக்கொள்வார். அம்மா படுக்கையில் விழுந்தபோது ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு வந்து பார்த்துக்கொண்டவரும் அவர்தான். எனக்கு விடுப்பு இல்லை என்று அப்போது சொன்னேன். விடுப்பு இருந்தது.

விவசாயிகள் பட்டா நிலத்தில் வளர்க்கும் தேக்குக்கு நியாயமான விலையே கிடைக்கிறது என்று அக்கா எழுதிய அறிக்கைக்கு வனத்துறையில் நல்ல மதிப்பு. மர விற்பனைக்கு அரசு மையம் வேண்டும் என்று விவசாயிகள் கேட்டபோதெல்லாம் அந்த அறிக்கையைக் காட்டித்தான் தேவையில்லை என்றார்கள்.

அக்கா ஓய்வு பெற்று எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு, சந்தவாசலில் தெரிந்த விவசாயி ஒருவர் தேக்கு விற்பதைப் பார்க்க என்னையும் அழைத்துப் போனார். வியாபாரியின் ஆள் வெட்டிய மரத்தைச் சுற்றி நூல் பிடித்தார். அதை நான்காக மடித்தார். மடிப்பின் நீளத்தை அதனாலேயே பெருக்கி, மரத்தின் நீளத்தாலும் பெருக்கிக் கன அடி சொன்னார்.

"மேடம், நீங்க படிச்சவங்க. நூல நாலா மடிச்சா அது சதுரக் கட்டைக்குக் கணக்கு. எம் மரம் உருண்டையா இல்ல இருக்குது?" என்றார் விவசாயி.

"அளந்துகினு இருக்கறப்ப பேஜார் பண்ணாதப்பா. எல்லா ஊர்லயும் இதே கணக்குதான்" என்றார் அந்த ஆள்.

உருண்டை மரத்தை அப்படி அளந்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கணக்கிலேயே வராது. அக்காவுக்குத் தெரியாததல்ல. ஆனால் அறிக்கையில் ஊர் விலையை நூல் கணக்கிலும் நகர விலையை முழுக் கணக்கிலும் எடுத்து, இரண்டும் ஒரே கன அடி என்று அருகருகே வைத்துவிட்டிருந்தார். அதனால் ஊர் விலை உள்ளதைவிட உயர்ந்து தெரிந்தது. தறியில் ஏற்றும் பாவில் ஒரு முழம் குறைந்தாலும் கண்ணாலேயே சொல்லிவிடும் வீட்டில் பிறந்தவர். 

அந்த வாரமே, தம் கணக்கு பிழை, திருத்தத் தாளை அறிக்கையோடு இணைக்க வேண்டும் என்று துறைக்குக் கடிதம் எழுதினார். நேராக அனுப்பப் போனவரைத் தடுத்து, பழைய பல்கலைக்கழகத்தின் வழியாகத்தான் போக வேண்டும் என்று உறுதியாகச் சொன்னவன் நான். ஓராண்டு ஓடியது. இதற்கிடையில் அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் இரண்டு முறை வேலூருக்கு டயாலிசிஸ் போகும் நிலை வந்தது. கடைசியில் பல்கலைக்கழகத்துக்கு நேரில் போனேன். கடிதம் ஒரு கோப்புத் தட்டில் கிடந்தது. 'பணியில் இல்லாதவர், மேலனுப்ப இயலாது' என்று ஓரத்தில் குறிப்பு. குறிப்பு சரியானது. அதை எங்களுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"உன் தப்புல ஒரு வருஷம்தான்டா போச்சு. என் தப்புல எத்தினி பேரு மரம் போயிருக்குது. ஜல்தி பேனாவ எடு."

இம்முறை வனத்துறை அலுவலகத்துக்கே போனோம். பிரிவு உதவியாளர் இளம்பெண். கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"யார் மேலம்மா புகாரு?"

"என் மேலதாங்க."

"உங்க மேல நீங்களே குடுக்கறதுக்குக் கம்ப்யூட்டர்ல எடமில்லம்மா."

"அப்போ குடுக்கறவரு பேருல இவரப் போடுங்க. சின்ன வயசுலருந்து என் மேல புகார் சொல்லிகினுதான் இருக்கறாரு."

அந்தப் பெண் சிரித்துவிட்டு, புகார் என்பதை அடித்து, திருத்தம் என்று எழுதிப் பதிவு செய்தார்.

அதன் பிறகு நடந்தது காத்திருப்பு ஒன்றுதான். டயாலிசிஸ் முடிந்து களைத்து வரும் நாட்களிலும் அக்கா தபால்காரர் போகும்வரை முன்னறையில் உட்கார்ந்திருப்பார். தாம் போன பிறகு பதில் வந்தால், பிழையை ஒப்புக்கொண்டது தாம்தானா, தம்பி கிளப்பிவிட்டதா என்று யாராவது கேட்பார்கள் என்பதே அவர் கவலை. பங்குனி மாதம், வீட்டிலேயே, அமைதியாகக் கண் மூடினார்.

வேலூருக்கு அழைத்துச் சென்ற எதிர்வீட்டு ஆட்டோ ஓட்டுநருக்கும், அக்காவின் கையில் ஊசி குத்துமுன் பேச்சுக் கொடுத்து மறக்கவைத்த செவிலியர்களுக்கும், இறுதி நாளில் வந்து தோள் கொடுத்த மாணவர்களுக்கும், சந்தவாசல் விவசாயிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்தப் பிரிவு உதவியாளருக்குத் தனி நன்றி. நான் அறிந்தவரையில் விதிப்படி நடந்தவர் அவர் ஒருவர்தான்.

இந்த மலரின் முதல் பக்கத்தில் அக்கா பிறந்த நாளும் மறைந்த நாளும் இருக்கின்றன. மூன்றாவதாக ஒரு தேதியும் சேர்க்கச் சொன்னேன். அச்சகத்தார் இடமில்லை என்றார்கள். திருத்தத் தாள் அறிக்கையோடு இணைக்கப்பட்டது, விற்பனை மையக் கோரிக்கை மறுபடி எடுத்துக்கொள்ளப்படுகிறது என்ற பதில் பதிவுத் தபாலில் வந்ததும், அக்கா தம் கையாலேயே கையெழுத்திட்டு அதை வாங்கிக்கொண்டதும் மாசி மாதம் பன்னிரண்டாம் நாள், வியாழக்கிழமை.