டம்ளருக்கு அடியில் வைக்கும் கட்டைகள்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்த மாதம், நான் அவரைவிட்டுத் தனியாகப் போவதாக இருந்தேன். வேங்கிக்காலில், நான் வேலை பார்க்கும் ஆபீசுக்கு நடந்தே போகிற தூரத்தில், ஒரு சின்ன வீட்டைப் பேசி முடித்துச் சாவியும் வாங்கிவிட்டேன். அது என் கைப்பையின் உள் ஜிப்பில் இருந்தது. மகளுக்குக் கல்யாணமாகி அவள் ஓசூர் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அதற்காகத்தான் காத்திருந்தேன்.

அவர் குடிக்கிறவர் இல்லை, கை நீட்டுகிறவரும் இல்லை. டூரிஸ்ட் கார் ஓட்டினார். ரமணாசிரமம் பக்கம் வந்து தங்குகிறவர்களை ஏர்போர்ட்டிலிருந்து கூட்டி வருவதும் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் வேலை. வண்டியில் ஏறுகிறவர்களிடம் அவ்வளவு தன்மையாகப் பேசுவார் என்று எல்லோரும் சொல்வார்கள். வீட்டில் என்னிடம் பேசமாட்டார். கோபம் வந்தால் வாரக்கணக்கில் வாயே திறக்கமாட்டார். ஒருமுறை நான்கு மாதம். நான் என்ன தப்பு செய்தேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு நான் அடுத்த அறைக்குப் போனால்தான் வந்து உட்கார்ந்து சாப்பிடுவார். இருபத்து மூன்று வருடம் இப்படி. எனக்குப் பெரிய ஆசை எதுவும் இல்லை. எனக்கென்று கொஞ்சம் சமைத்து, ரேடியோவைப் போட்டுக்கொண்டு, நிம்மதியாகச் சாப்பிட வேண்டும் என்று நினைத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பல் தேய்க்கும்போது அவர் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை.

பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். வலது கால் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. வலது கை விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. பேச்சு போய்விட்டது. ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிச்சம் இருந்தது. சாவி.

“காலமெல்லாம் வண்டி ஓட்டினவர் இல்ல, அந்த வார்த்தை மட்டும் தங்கிடுச்சு. சில பேருக்கு இப்படி ஆகும்மா” என்றார் டாக்டர்.

தண்ணீர் வேண்டுமென்றாலும் சாவி, ஃபேன் போட வேண்டுமென்றாலும் சாவி, பாத்ரூம் போக வேண்டுமென்றாலும் சாவி. ஒவ்வொரு முறை அவர் சொல்லும்போதும் என் கண் சுவரில் மாட்டியிருந்த கைப்பைக்குப் போய்விட்டு வரும்.

தெருவில் என்னைப் பற்றி உயர்வாகப் பேசினார்கள். நான் அவருக்கு ஊட்டினேன், துடைத்துவிட்டேன், உடை மாற்றினேன். இரக்கம் வரவில்லை. அவர் என்னிடம் பேசாததற்கு இப்போது ஒரு காரணம் இருந்தது, அவ்வளவுதான்.

வாரத்தில் மூன்று நாள் பிசியோதெரபி செய்ய ஒரு பெண் வருவாள். அவள் கொடுத்த ரப்பர் பந்தை அவர் தொடவே இல்லை. “சும்மா அமுக்குங்கன்னா இவரு செய்யமாட்டாருக்கா. கைக்கு ஏதாவது வேலை குடுங்க. தேய்க்கிற மாதிரி, துடைக்கிற மாதிரி. செஞ்சா செஞ்சது கண்ணுக்குத் தெரியணும்” என்றாள்.

எங்கள் வீட்டை ஒட்டி ஒரு மரவேலை ஷெட் இருந்தது. தங்கும் விடுதிகளுக்குக் கட்டிலும் மேஜையும் செய்கிற இடம். அறுத்து மிஞ்சிய துண்டுகள் வாசலில் குவிந்து கிடக்கும். அங்கே வேலை செய்த ஆசாரியிடம் போய்க் கொஞ்சம் துண்டு கேட்டேன்.

“எரிக்கவாக்கா?”

“இல்லப்பா. அவரு தேய்க்கறதுக்கு.”

ஆசாரி குவியலில் பொறுக்கி எடுத்து, உள்ளங்கை அகலத்துக்குச் சதுரம் சதுரமாக மெஷினில் அறுத்துக் கொடுத்தார். “கஃபேல டம்ளருக்கு அடியில வைக்கறாங்களே, கோஸ்டர்னு, அது மாதிரி வரும்க்கா. இதுல தேக்கு கம்மி, வேம்பு ஜாஸ்தி. வேம்பு மொரடுதான். ஆனா தேய்ச்சா நல்லா வழிக்கு வந்துடும்.” முரடு, நடுத்தரம், நைஸ் என்று மூன்று வகை உப்புத்தாளும் கொடுத்தார்.

முதல் நாள் கட்டையை மேஜைமேல் வைத்தேன். இடது கையால் தள்ளிவிட்டார். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் எனக்குக் கோபம் வந்து நானே எதிரில் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தேன். எப்படித் தேய்ப்பது என்று எனக்கு என்ன தெரியும்? மரத்தின் வரிக்குக் குறுக்கே போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பிறத்தியார் கார் கழுவுவதைக்கூடச் சரியில்லை என்று பிடுங்கிச் செய்கிற மனுஷன் அவர். பொறுக்க முடியவில்லை. இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, கட்டையைத் திருப்பி வைத்து, வரி போகிற திசையில் என் கையை நகர்த்தினார். அவர் என்னைத் தொட்டுப் பல வருடம் ஆகியிருந்தது.

பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயாவை வைத்திருந்தேன். அதற்குப் பிறகு தினமும் நான் ஆபீஸ் விட்டு வந்ததும் உட்கார்ந்துவிடுவோம். சின்ன மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி அவருடைய வலது கையை அதன்மேல் வைப்பேன். அந்தக் கைமேல் என் கையை வைத்துத் தள்ளுவேன். முதல் மாதம் தள்ளியது முழுக்க நான்தான். பிறகு ஒரு நாள் என் கைக்கு அடியில் அவர் தோளிலிருந்து ஒரு சின்ன உந்தல் வந்தது. நான் என் பாரத்தைக் குறைத்துக்கொண்டேன்.

முதல் ஆறு கட்டைகளுக்கு நானே வார்னிஷ் அடித்தேன். பளபளப்பாக வர வேண்டுமென்று கெட்டியாக அடித்து, சரியாகக் காயவிடாமல், மகள் வந்த அன்று காபி டம்ளரை அதன்மேல் வைத்தேன். அவள் டம்ளரை எடுத்தாள். கட்டையும் ஒட்டிக்கொண்டே மேலே வந்து, ஒரு நொடி தொங்கிவிட்டு, அவள் மடியில் விழுந்தது. அவர் பாதி வாயால் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மகள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அழுதாள். ஒரே அறையில் நாங்கள் இருவரும் சிரித்து அவள் பார்த்ததே இல்லை.

அந்த வார்னிஷை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டியதாயிற்று. “சூடு படற சாமானுக்கு எண்ணெய்தான்க்கா” என்று ஆசாரி சொல்லித் தந்தார். ஈரத்துணியால் துடைத்தால் மரத்தில் மெல்லிய நார் எழும்பும். காய்ந்த பிறகு அதை நைஸ் தாளால் தேய்த்து இறக்க வேண்டும். அப்புறம் லின்சீட் ஆயில் என்கிற ஆளிவிதை எண்ணெயைத் தடவி, ஊறவிட்டு, மிச்சத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்டால் பிசுபிசுத்துப்போகும். கடைசியில் தேன்மெழுகு.

மழைக்காலம் வந்தபோது அவருக்குப் பத்துப் பன்னிரண்டு வார்த்தைகள் திரும்பியிருந்தன. தண்ணி, போதும், தேய், வலி. வேங்கிக்கால் வீட்டை நான் அப்போதும் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது, இனிமேல் மறைக்க முடியாது என்று தோன்றியது.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க. நீங்க விழறதுக்கு முன்னாடியே நான் வேங்கிக்கால்ல வீடு பாத்துட்டேன். தனியா போயிடறதா இருந்தேன்.”

அவர் கை நின்றது. “தெரியும்” என்றார். அது புது வார்த்தை.

“எப்படி?”

சுவரில் இருந்த கைப்பையைக் காட்டினார். “சாவி.” இந்த முறை அவர் சாவியைத்தான் சொன்னார். எப்போது பார்த்தார் என்று கேட்டேன். இரண்டு விரலைக் காட்டினார்.

“விழறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியா?”

இல்லை என்று தலையாட்டினார்.

“ரெண்டு வாரமா?”

ஆமாம்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. “ரெண்டு வாரம் தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா? ஏன் போறேன்னு கேக்கத் தோணலையா உங்களுக்கு?” என்று கத்தினேன். அந்த வீட்டில் நான் கத்தியது அதுதான் முதல் தடவை.

அவர் வார்த்தையைத் தேடினார். நெற்றி வியர்த்துவிட்டது. “பயம்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “நீ... போ. போலாம்” என்றார். கோபத்தில் சொல்லவில்லை.

நான் எழுந்து சமையலறைக்குப் போய்க் கையைக் கழுவினேன். எண்ணெய் போகவில்லை. அங்கேயே நின்று அழுதேன். இருபத்து மூன்று வருடத்துக்கு அந்த ஒரு வார்த்தை எந்த மூலைக்குக் காணும்? ஆனாலும் எண்ணெய் தடவிய கட்டைகள் மேஜைமேல் இருந்தன. துடைக்காவிட்டால் வீணாகிவிடும். அதற்காகத்தான் திரும்பி வந்து உட்கார்ந்தேன் என்று சொன்னால் பொய்யில்லை. இருவருமாக எல்லாவற்றையும் துடைத்து முடித்தோம்.

அடுத்த வாரம் மகளை வரச்சொல்லிவிட்டு, சனி ஞாயிறு இரண்டு நாள் வேங்கிக்கால் வீட்டில் போய் இருந்தேன். ரசம் வைத்துச் சாப்பிட்டேன். ரேடியோ கேட்டேன். நன்றாகவே இருந்தது. திங்கட்கிழமை காலை திரும்பியபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“எப்படி... இருந்துச்சு?” என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் இப்படி எதையும் கேட்டதில்லை. “நல்லா இருந்துச்சுங்க” என்றேன். தலையாட்டினார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

மாதக் கடைசியில் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டேன். போகலாம் என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு இருக்கவும் முடியும் என்று தோன்றியது. அதற்கு மேல் என்னால் விளக்கத் தெரியவில்லை.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. வலது கையால் டம்ளர் பிடிக்கிறார். சட்டைப் பொத்தானுக்கு இன்னும் நான் வேண்டும். இனிமேல் வண்டி ஓட்ட முடியாது என்று தெரிந்ததும் காரை விற்றோம். அதை வாங்கியவர் ஓட்டிக்கொண்டு போனபோது அவர் வெளியே வரவில்லை. கோஸ்டர்களை ஆசாரி தன் மேஜைகளோடு சேர்த்து விடுதிகளுக்குக் கொடுக்கிறார். பழைய குணம் அடியோடு போய்விடவில்லை. சில நாள் வாயை மூடிக்கொள்கிறார். ஆனால் மூடுவதற்கு முன்பு “கோபம்” என்று சொல்லிவிடுகிறார். எதற்கு என்று நான் கேட்டால், தேடித் தேடியாவது சொல்கிறார்.

போன தடவை வந்தபோது மகள் கேட்டாள். “அப்பாவ மன்னிச்சிட்டியாம்மா?”

“தெரியலடி” என்றேன். “பக்கத்துல உக்காந்து சாப்பிட முடியுது. மத்தது இன்னும் பாத்துட்டுத்தான் இருக்கேன்.”